சாரலில் ஓடிய கம்ப்யூட்டர்

ஈயம் உருகும்போது எழும் புகையில் குங்கிலியம் கருகுவது போன்ற ஒரு மணம் இருக்கும். அதோடு காயாத துணியின் ஈர வாடையும், ஜன்னல் கம்பி வழியே வரும் தூற்றலின் மண் வாடையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பதின்மூன்றாவது வயதின் ஆனி முழுக்க அந்த மணம்தான். தென்காசியில் எங்கள் வீட்டு நடு அறையில், துவைத்து இரண்டு நாளாகியும் உலராத சேலைகளை அம்மா குறுக்கும் நெடுக்குமாகக் கொடியில் போட்டிருக்க, அவற்றுக்குக் கீழே பழைய மேசை ஒன்றின் மேல் குனிந்தபடி என் அக்கா சிவகாமி ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தாள்.

எண்பதுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் என்ற சொல்லை ஊரில் எல்லோரும் கேட்டிருந்தார்கள், பார்த்தவர்கள் குறைவு. குற்றாலத்தில் சீசன் கடைகளுக்கு நடுவே "கம்ப்யூட்டர் ஜோசியம்" என்று பலகை மாட்டி, பெயரையும் பிறந்த நாளையும் சொன்னால் ஒரு சீட்டை நீட்டுகிற கூடாரம் ஒன்று இருந்தது. எங்கள் தெருக்காரர்களுக்கு அதுதான் கம்ப்யூட்டர். அதனால் அக்கா ஒன்றைச் செய்கிறாள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "மொத சீட்டு எனக்குத்தான் எடுத்துக் குடுக்கணும் தாயி, எம் மவனுக்கு எப்பம் வேலை கெடைக்கும்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா திருநெல்வேலியில் இயற்பியல் படித்து முடித்தபின் மதுரையில் அப்பாவின் தங்கை வீட்டில் தங்கி ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்தாள். திரும்பி வந்தபோது தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம், குறை சொல்ல எதுவுமில்லை. அதே சமயம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் அப்பாவிடம், கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்க எண்ணம் இருக்கிறது, உங்கள் மகள் ஒரு மெஷினை ஓட்டிக் காட்டினால் அவளையே வாத்தியாராகப் போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார். அக்கா அப்பாவிடம் ஒரு வருடம் கேட்டாள். அப்பா வெகுநேரம் யோசித்து, "ஒரு வருசம் தாக்காட்டுதது கஷ்டம் மக்கா. ஆடி வந்தா ஆடின்னு சொல்லலாம், புரட்டாசி வந்தா புரட்டாசின்னு சொல்லலாம். ஐப்பசி வரைக்கும் தாக்காட்டுதேன்" என்றார். எங்கள் அப்பாவால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடிந்ததில்லை, தூத்துக்குடிக்காரர்களிடமும் சரி, தன் மகளிடமும் சரி. நாட்களைத் தள்ளிப்போடுவதுதான் அவர் அறிந்த ஒரே உபாயம்.

கடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வாங்குவது என்பது எங்கள் வீட்டுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பகுதி பகுதியாகச் சேர்த்துப் பூட்டினால் முடியும் என்று அக்கா சொன்னாள். பச்சை எழுத்துத் தெரிகிற சின்னத் திரையும் விசைப்பலகையும் யாரோ பயன்படுத்திக் கழித்தவை, மதராஸிலிருந்து பார்சலில் வந்தன. எல்லாவற்றுக்கும் உயிரான பெரிய பலகையையும் அதன் நடுவில் உட்கார வேண்டிய சில்லையும் கொண்டுவந்தது சாகுல் மாமா. அப்பாவின் சிநேகிதர் அவர், கடையநல்லூர்க்காரர், துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. அக்கா காகிதத்தில் எழுதிக் கொடுத்த நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்கி, இரண்டு கைலிக்கு நடுவில் குழந்தையைச் சுற்றுவது மாதிரிச் சுற்றி, பெட்டியில் போட்டால் அடிபடும் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். "ஏம்மா, இது தாங்குமான்னு ஒரு பயம் பாத்துக்கோ. வழியெல்லாம் ஒறங்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் அந்தக் கைலியைப் பிரித்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு உடம்பு வேண்டுமே. அதை அப்பா செய்தார். செங்கோட்டை ரோட்டில் ஒரு மரவாடியில் அவர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அங்கே மிஞ்சிக் கிடந்த பலாத் துண்டுகளைப் பொறுக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே அறுத்து இழைத்து, மஞ்சள் மஞ்சேரென்று ஒரு பெட்டி செய்தார். மூலைக்கு மூலை இழைத்துச் சேர்த்திருந்ததில் ஒரு நூல் நுழைய இடமில்லை. "பல்லி போவாது, எறும்பு போவாது" என்று அதைத் தட்டிக் காட்டினார். அப்பாவுக்குத் தச்சு வேலை தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனி கடைசியில் அது ஓடியது. அக்கா எழுதிய முதல் நிரல் வேறொன்றும் இல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்களை ஏற்றிக்கொண்டே போகும். பச்சை எண்கள் திரையில் கீழிருந்து மேலாகக் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. பலகையில் இரண்டு வேகம் உண்டு, ஒரு சின்னக் கம்பியை இந்தப் பக்கம் மாட்டினால் வேகம், அந்தப் பக்கம் மாட்டினால் அதில் பாதிக்கும் குறைவு என்று அக்கா எனக்குச் சொன்னாள். வேகத்துக்கான எண் பத்து. சாகுல் மாமா கொண்டுவந்த சில்லின் முதுகிலும் பத்து என்றுதான் வெள்ளையாக எழுதியிருந்தது. அக்கா கம்பியை வேகத்தின் பக்கம் மாட்டினாள். ஆடி முழுக்க வெளியே சாரல் அடிக்க, நாள் முழுக்க உள்ளே அது ஓடியது. மின்சாரம் போனால்தான் நின்றது. நானும் அக்காவும் மாறி மாறி அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். அம்மா மட்டும், "எந்நேரமும் எண்ணிக்கிட்டே இருக்கே, என்னத்தத்தான் எண்ணுது?" என்று கேட்பாள்.

அந்த வருடம் சாரல் சீக்கிரமே நின்றுவிட்டது. ஆவணி பாதியில் ஒரு காலையில் வானம் வெளுத்து, மேற்கே மலை பக்கத்து வீடு மாதிரிக் கிட்ட வந்து நின்றது. அன்று பதினொரு மணிக்கு எண்கள் நின்றன. திரையில் கடைசி எண் அப்படியே இருந்தது. எந்தக் கட்டையை அமுக்கியும் பலனில்லை. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடியது, கால்மணி நேரத்தில் மறுபடி நின்றது. நாங்கள் அதை "நட்டுக்கிட்டு நிக்குது" என்று சொல்வோம். மாடு சண்டித்தனம் பண்ணினால் சொல்கிற சொல்.

அதற்குப் பின் வந்த ஐந்து வாரங்களைப் போன்ற கையாலாகாத காலத்தை நான் பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாக்களில்தான் கண்டிருக்கிறேன். எதையாவது செய்துகொண்டே இருந்தோம், எதுவும் உதவவில்லை. மின்சாரம் குறைவாக வருகிறது என்று அப்பா மரவாடி முதலாளி வீட்டிலிருந்து ஸ்டெபிலைசர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். நின்றது. அக்கா ஞாபகச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களை அழிரப்பரால் தேய்த்து, மறுபடி பொருத்தினாள். நின்றது. பற்றவைத்த இடங்களையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இரண்டாம் முறை பற்றவைத்தாள். நின்றது. அம்மா ஒரு வெள்ளிக்கிழமை மிளகாயும் உப்பும் எடுத்து அதை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். இரும வேண்டிய நெடி வரவில்லை, "கண்ணுதான் பட்டிருக்கு" என்றாள். அதற்குப் பிறகும் நின்றது.

ஒரு நோட்டைக் கொடுத்து, எத்தனை மணிக்கு எந்த எண்ணில் நிற்கிறது என்று என்னை எழுதச் சொன்னாள் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விடுமுறை நாளில் காலையிலிருந்தும் எழுதினேன். வேகத்தின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? ஒன்றரை மாதம் அதே வேகத்தில் ஒரு தடவை கூடத் தடுக்காமல் ஓடிக் காட்டியதுதானே. "என்ன மாறிச்சுன்னு பாக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவாள். நாங்கள் எதையும் மாற்றவில்லை. நோட்டு ஒரு பக்கம் நிறைந்ததும் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். காலை எட்டு மணிக்கு முன்னால் அது ஒரு நாளும் நின்றதில்லை. நடுப்பகலில் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. தூற்றல் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க ஓடியிருந்தது.

"சூடு" என்றாள் அக்கா.

அப்பா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, பலாப்பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நூல் நுழைய இடமில்லாமல் இழைத்த மூலைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு துளைபோடும் கருவியை எடுத்துவந்து, பின் பலகையில் வரிசை வரிசையாகத் துளை போட ஆரம்பித்தார். அடுத்த நாள் இரண்டு பக்கமும் துளை. அதற்கடுத்த நாள் மேல் மூடியையே கழற்றி வைத்துவிட்டு மேசை மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். நிற்பது குறைந்தது, ஒழியவில்லை. அப்பா மட்டும் இன்னும் எங்கே துளை போடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் வந்து காட்டும்படி தாளாளர் சொல்லியனுப்பினார். ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுப் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் கூட்டி ரேங்க் போட்டுக் காட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு வரலாமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார், பள்ளிக்கூடம் திறப்பதே ஒன்பதரைக்குத்தான். பத்து மணி என்று முடிவானது. மரவாடி வேனில் பெட்டியை வைக்கோல் மேல் வைத்து, நான் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். வாசலில் நின்ற அம்மா வானத்தைப் பார்த்து, "புரட்டாசியில பொன்னுருகக் காயும்னு சும்மாவா சொன்னாவ" என்று முணுமுணுத்தாள்.

பத்து மணிக்குத் தாளாளர் வரவில்லை. உறவில் ஒரு சாவு, போய்விட்டு வருகிறார் என்றார்கள். அவர் வந்தபோது மணி இரண்டேகால். மேலே சிமென்ட் தகடு வேய்ந்த கூடம் அது. உள்ளே நிற்கிறவர்களின் சட்டைகள் முதுகில் ஒட்டியிருந்தன. அவர் சாவு வீட்டுக் களைப்போடு, ஆனால் முகம் கோணாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றி ஆசிரியர்கள். அக்கா மதிப்பெண்களை முன்பே பதிந்து வைத்திருந்த பிளாப்பியைச் செருகினாள். நான் பெட்டியின் பின்னால் நின்று பனையோலை விசிறியால் விசிறத் தொடங்கினேன்.

"பாப்பா எதுக்கு அதுக்கு விசிறுது?" என்று தாளாளர் கேட்டார்.

"அதுக்குச் சூடு தாங்காது சார்" என்றேன்.

"நமக்கே இங்கன விசிற ஆளில்ல" என்று ஒரு வாத்தியார் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனால் அக்காவின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

ரேங்க் பட்டியல் திரையில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர்களும் மொத்தமும் வர, தாளாளர் முன்னால் சாய்ந்து, "அடேயப்பா" என்றார். பதினேழாம் பெயரில் நின்றது. அக்கா அணைத்துப் போட்டாள். ஒன்பதாம் பெயரில் நின்றது. நான் இரண்டு கையாலும் விசிறினேன். மூன்றாம் முறை ஒரு பெயர் கூட வரவில்லை, திரை முழுக்க ஏதேதோ குறிகள் சிதறின. கதவோரம் நின்றிருந்த அப்பா தன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, யாராவது திட்டினால் தேவலை என்பது போல நின்றார். யாரும் திட்டவில்லை. தாளாளர் எழுந்து வந்து அக்காவிடம், "வீட்டுல வெச்சே இம்புட்டுச் செஞ்சிருக்கியே, அதுவே பெரிசும்மா. பொறவு பாப்போம்" என்றார். அந்தப் "பொறவு" எந்தப் பொறவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வேன் வேறு லோடுக்குப் போய்விட்டதால் கைவண்டியில்தான் வீடு திரும்பினோம். அப்பா வழி முழுக்க ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி நடந்தார். "அண்ணாச்சி, டிவி வாங்கியாச்சா?" என்று யாரோ கேட்டதற்கு, ஆமாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து பெட்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னப்பா செய்யுதீய?"

"நான்தான் அத மூச்சுவிட விடாம அடச்சுட்டேன்" என்றார் அப்பா. "தகரத்துல அடிச்சிருக்கணும். மரம் சூட்ட விடாதுன்னு மரவாடியில இருக்கிற எனக்குத் தெரிய வேண்டாமா?"

அக்காவும் ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் இயற்பியல் படித்தவள், நினைப்பதோடு விட முடியாது. பெட்டியை மறுபடி பூட்டும்படி அப்பாவிடம் சொன்னாள், துளைகளுக்குள் துணி அடைத்து, முதலில் இருந்தபடியே. பிறகு, குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும் என்றாள்.

மரவாடி முதலாளிக்குக் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் வழியில், ஒரு சீசன் பங்களா உண்டு. சாரல் போனபின் அதில் காவல்காரரைத் தவிர ஆள் இராது. அந்த வாரம் மலையில் மழை பெய்து அருவியில் மறுபடி தண்ணீர் விழுவதாகத் தகவல் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் கம்ப்யூட்டரோடு அங்கே போய்ச் சேர்ந்தோம். மரங்களுக்கு நடுவில் வெயில் படாத வீடு. தரையில் கால் வைத்தால் சில்லிட்டது. அருவியின் இரைச்சல் எங்கேயோ அடுத்த அறையில் கேட்பது போல இருந்தது. துளைகள் அடைத்த, மூடி இறுக்கிய பலாப்பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்து, எண் ஏற்றும் நிரலை ஓடவிட்டு, நாங்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. காவல்காரர் வந்து எட்டிப் பார்த்து, "என்ன கணக்கு அண்ணாச்சி இது?" என்று கேட்டுவிட்டுப் போனார். கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அதன் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் எழுதுவதற்கு எதுவுமில்லாமல் நோட்டைக் கையில் வைத்திருந்தேன். நான்கு மணி நேரம் கழிந்ததும் அக்கா அப்பா பக்கம் திரும்பினாள்.

"அங்கன பெட்டியத் தொறந்து வெச்சு விசிறி போட்டோம், நின்னுச்சு. இங்கன பெட்டிக்குள்ள இறுக்கிப் பூட்டி வெச்சிருக்கோம், ஓடுது. பெட்டி காரணம் இல்லப்பா."

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா, என்னச் சமாதானப்படுத்தச் சொல்லுதியா?"

"நெசமாத்தான்பா. உள்ள ஏதோ ஒண்ணு சூடு தாங்கல. எதுன்னு கண்டுபிடிக்கணும்."

அப்பா எழுந்து வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். முகம் கழுவியிருந்தார்.

எது என்பதை அடுத்த சனிக்கிழமை நடுப்பகலில், வெயில் உச்சியில் இருக்கும்போது கண்டுபிடித்தோம். பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்து, ஊசி போடுகிற கம்பவுண்டரிடம் வாங்கிய ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் வைத்துக் குளிரூட்டி, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதில் வைத்தோம், நான்கு நிமிடத்தில் நின்றது. அதில் வைத்தோம், மூன்று நிமிடம். வரிசையாகப் போய், நடுவில் இருந்த பெரிய சில்லில், சாகுல் மாமா மடியில் வைத்துக் கொண்டுவந்ததில், பஞ்சை வைத்ததும் ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. பஞ்சு காயக் காய நான் ஸ்பிரிட்டைச் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. அக்கா கையைத் தட்டப் போனவள், பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

பஞ்சில் வெள்ளை ஒட்டியிருந்தது. சில்லின் முதுகில் பத்து என்று எழுதியிருந்த எழுத்து பாதி கரைந்திருந்தது. அவள் இன்னொரு பஞ்சை எடுத்து முழுக்கத் துடைத்தாள். மேலே பூசியிருந்த கறுப்பும் போயிற்று. அதற்கடியில், யாரோ அரம் வைத்துத் தேய்த்தும் முழுக்க அழியாமல், பூதக்கண்ணாடியில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு, எட்டு என்ற எண் இருந்தது.

எட்டுக்கு மேல் ஓடத் தெரியாததை நாங்கள் பத்தில் ஓட்டியிருக்கிறோம். குளிர்ந்த நாட்களில் அது எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அக்கா உடனே கம்பியைக் கழற்றி வேகம் குறைந்த பக்கம் மாட்டினாள். உச்சி வெயிலில், விசிறி இல்லாமல், பஞ்சு இல்லாமல், எண்கள் மெதுவாக, படிக்க முடிகிற வேகத்தில் ஏறின. சாயங்காலம் வரை ஏறிக்கொண்டே இருந்தன. அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்தாள். ஒரே ஒரு கம்பி. அதைப் பத்து நாளுக்கு முன்னால், அந்தக் கூடத்தில் மாற்றியிருந்தால் போதும்.

அப்பா மரவாடியிலிருந்து வந்ததும் அவள் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாகுலுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்பா? நான் எழுதிக் குடுத்தபடி பாத்துத்தான வாங்கிட்டு வந்திருக்காரு. விக்கிற இடத்துக்கு வரதுக்கு முன்னாலயே எவனோ எங்கயோ இப்படிச் செஞ்சிருக்கான்."

அப்பா பூதக்கண்ணாடியை மேசை மேல் வைத்தார். "இது அவன் காதுக்குப் போவ வேண்டாம். தெரிஞ்சா அவன் ஒறங்கமாட்டான். கேக்கிறவங்ககிட்ட என் பெட்டியாலதான்னே இருக்கட்டும்."

"ஒங்க பெட்டியில ஒரு குத்தமும் இல்லப்பா" என்று சொல்லும்போது அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அது ஒனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. போதும் மக்கா."

திங்கட்கிழமை அக்கா தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இப்போது நிற்காமல் ஓடுகிறது, மெதுவாகத்தான், ஆனால் நிற்காது என்று தாளாளரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மதுரையில் ஒரு கம்பெனியிடம் மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, சொல்லிக் கொடுக்க அவர்களே ஆள் அனுப்புகிறார்கள் என்றார். "ஒரு வாரம் முந்தி வந்திருக்கலாமேம்மா" என்றாராம். அக்கா வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்ன விதத்தில் எந்த வருத்தமும் இல்லை. கடையில் சீனி இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த வாரம்தான் ஐப்பசி பிறந்தது. தூத்துக்குடியிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "எழுதிருங்கப்பா" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் சாகுல் மாமா விடுமுறையில் வந்தார். வந்ததும் வராததுமாக, "பொட்டி ஓடுதா அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, நடந்ததையெல்லாம் தன் பலாப்பெட்டியின் தலையில் கட்டி ஒரு கதையாகச் சொன்னார்; பல்லி போகாமல் அடைத்தது, சூடேறியது, கூடத்தில் நின்றது, கைவண்டியில் வந்தது. "நீ கொண்டாந்த சாமான்ல ஒரு குறையும் கெடையாது. மரப்பெட்டிதான் கெடுத்துட்டு."

"மரவாடியில இருந்தா எல்லாத்துக்கும் மரத்துலதான் அடிப்பியளோ?" என்று சாகுல் மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். டீ கொண்டுவந்த அக்கா தம்ளரை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போனாள். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். பதின்மூன்று வயதில், எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் ஓர் அறையில் யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தான் நல்ல மனிதர். அக்கா பிறகு தபாலில் ஆசிரியர் பயிற்சி முடித்து, தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் அந்த மெதுவான வேகத்திலேயே பல வருடம் ஓடியது. நான் அதில்தான் கற்றுக்கொண்டேன். பிற்பாடு அதுவே என் தொழிலாயிற்று.

சாகுல் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை அடுத்து அப்பா, பிறகு அம்மா. மரவாடி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. எங்கள் வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல்களை அடைத்து ஏ.சி. போட்டிருப்பதால் சாரல் காலத்திலும் அந்த வீட்டுக்குள் ஈர வாடை இருக்காது. தென்காசி இப்போது மாவட்டத் தலைநகர், தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் கடை. எதன் முதுகையும் துடைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை.

இதை எழுத உட்காருமுன் அக்காவுக்குப் போன் செய்தேன். அறுபதை நெருங்குகிறாள். தேதிகளைத் திருத்தினாள், எந்தச் சில்லில் முதலில் பஞ்சு வைத்தோம் என்பதைக் கூடத் திருத்தினாள். அப்பா சொன்னதை நான் எழுதி வைத்திருந்தபடி வாசித்துக் காட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

"சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள் பிறகு. "அப்பா கொரல் ஒனக்கு ஞாபகம் இருக்காட்டி?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். சொற்கள் வரிசையாக வந்தன, குரல் வரவில்லை.

"இல்லக்கா" என்றேன்.

"எனக்கும் இல்ல" என்றாள்.